ஒரு டிரவுட் மீனின் பூர்வீகம்

ஆரம்பாக்கத்துக்காரனுக்கு மீன் என்றால் மடவை, கொடுவா, அப்புறம் இறால், நண்டு. பழவேற்காடு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது, வேறு மீனைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. டிரவுட் என்ற பெயரை ஆங்கிலக் கதைகளில் படித்ததோடு சரி. அந்த டிரவுட்டில் பெரிசா ஒன்று, போன ஏப்ரலில், இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றில் என் தூண்டிலைக் கவ்வியது.

லைசென்ஸ் வாங்கி இரண்டு நாள் நின்றும் ஒன்றும் மாட்டவில்லை. ஃப்ளை தூண்டிலில் இரை கிடையாது. முள்ளில் இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி மாதிரி செய்திருப்பார்கள். அதற்கு எடையே இல்லாததால், கனமான தூண்டில் நூலைச் சாட்டை போல வீசி, அதன் வேகத்தில் பூச்சியைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். என்னுடைய பூச்சிகளில் பாதி பின்னால் இருந்த மரத்தில்தான் இறங்கின.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாட்டியது. பதற்றத்தில் ரீலை இறுக்கிப் பிடித்துவிட்டேன். கூட வந்த உள்ளூர்ப் பையன் "டீலா சோடோ!" என்று கத்தினான். தளர்த்தி விடு என்று அர்த்தம். சின்ன வயதில் கொடுவா மாட்டும்போது சித்தப்பா சொல்வது அப்படியே காதில் விழுந்தது: "டேய், அது இழுத்தா நீ விடு. அது நின்னா நீ இழு." விட்டேன், இழுத்தேன். பத்து நிமிடத்தில் கைவலைக்குள் வந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். பழுப்பு உடம்பு, வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். பிரவுன் டிரவுட். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்த பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். பிரவுன் டிரவுட் ஐரோப்பிய மீன். இந்தியாவில் அதைக் கொண்டுவரும் முதல் முயற்சி நடந்தது இமயமலையில் இல்லை, நம்ம நீலகிரியில். 1863இல் முயன்றவர் பிரான்சிஸ் டே. மதராஸ் ராணுவத்தில் மருத்துவர். பின்னாளில் 'இந்திய மீன்கள்' என்ற பெரிய நூலை எழுதியவர். அந்த முயற்சி தோற்றது.

ஏன் அவ்வளவு கஷ்டம்? டிரவுட் முட்டை பொரிக்கும் நாளைத் தண்ணீரின் குளிர்தான் முடிவு செய்கிறது. 10 டிகிரியில் ஏறக்குறைய 40 நாள், 5 டிகிரியில் அதுபோல இரண்டு மடங்கு. வழியில் சூடு ஏறினால் கப்பலிலேயே பொரித்துச் செத்துவிடும். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது, அது திறந்தது 1869இல். ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டும். சென்னையில் இறங்கிய பிறகும் வெயிலில் சமவெளியைக் கடந்து மலை ஏற வேண்டும். மலை ரயில் குன்னூரை எட்டியது 1899இல், ஊட்டியை எட்டியது 1908இல்.

வழி இல்லாமல் இல்லை. 1864இல் ஜேம்ஸ் யூல் என்பவர் முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பெட்டிகளில் வைத்து, 'நார்ஃபோக்' கப்பலின் பனிக்கட்டி அறையில் அடுக்கி இங்கிலாந்திலிருந்து அனுப்பினார். மூன்று மாதப் பயணத்தைத் தாண்டி, டாஸ்மேனியாவில் சில நூறு டிரவுட் குஞ்சுகள் பொரித்தன. இலங்கையின் நுவரெலியாவிலும் 1880களில் டிரவுட் வந்து சேர்ந்தது. நீலகிரி மட்டும் காத்துக்கொண்டே இருந்தது.

காஷ்மீருக்கு 1899இல் வந்த முதல் முட்டைகளும் வழியிலேயே அழிந்தன. மறுவருடம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. முன்னின்று செய்தவர் ஸ்ரீநகரில் கம்பளத் தொழில் நடத்திய ஃபிராங்க் மிட்செல். அங்கிருந்து 1909 வாக்கில் குலுப் பகுதிக்கு டிரவுட் போனது. தீர்த்தன் ஆறு அந்தப் பக்கம்தான். அப்படியானால் என் கைவலைக்குள் வந்ததன் முப்பாட்டன்கள் காஷ்மீர் வழியாக வந்தவர்கள்.

நீலகிரி ஜெயித்தது மீனை மாற்றிய பிறகுதான். எச்.சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். அங்கே நிலைத்தது வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த ரெயின்போ டிரவுட். பிரவுனைவிட அது கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும். டே முயன்றதிலிருந்து கணக்குப் போட்டால் 44 வருஷம். பத்து நிமிடத்தில் ஒரு மீனைக் கரையேற்றிவிட்டு நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

இத்தனை பாடும் எதற்காக? ஊருக்குச் சோறு போட இல்லை. மலைக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குச் சொந்த ஊர் ஓடை மாதிரி ஒரு ஓடை வேண்டியிருந்தது. ஏற்கெனவே அந்தத் தண்ணீரில் இருந்த மீன்களைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பிரவுன் டிரவுட் சின்ன மீன்களைத் தின்னும். இமாலய ஆறுகளில் 'பனி டிரவுட்' என்று ஒன்று உண்டு. பெயர்தான் டிரவுட், உண்மையில் கெண்டைக் குடும்பத்து உள்ளூர் மீன். அதன் இடத்தையும் இரையையும் வந்த மீன் பங்குபோட்டுக்கொண்டது. இன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளுக்கு டிரவுட்டால்தான் பிழைப்பு என்பதும் நிஜம். எனக்குக் கற்றுக்கொடுத்த பையனுக்கும் அப்படித்தான்.

சித்தப்பாவிடம் போட்டோவைக் காட்டிக் கதையை முழுசா சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப பாடு இல்லாம எறங்குன மீனுன்னு சொல்லு" என்றார்.

பழவேற்காட்டில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குத்தான் பாடு என்று பெயர். முறை வராமல் யாரும் இறங்க முடியாது. அந்த மீனைத் திருப்பி விட்டது பெருந்தன்மை என்று தீர்த்தன் கரையில் நினைத்திருந்தேன். அது யாருடைய தண்ணீரில் விட்டது என்ற கேள்வி, சித்தப்பா சொன்ன பிறகுதான் வந்தது.