மூன்று எண்கள், ஒரு புத்தகம்

அப்பா இறந்த பிறகு அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து இங்கே ரொறன்ரோவில் வெளியிட்டேன். அச்சுப் பிரதி, ஈபப், பிடிஎஃப் என்று மூன்று வடிவங்கள். கனடாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். வடிவத்துக்கு ஒன்றாக மூன்று எண்கள் வாங்கினேன். சில மாதங்கள் கழித்து ஒரு நூலகத்தின் பட்டியலில் தேடினால், அப்பா மூன்று புத்தகங்கள் எழுதியவராக இருந்தார். ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியில்லை. பிடிஎஃப் பதிவை மட்டும் பார்த்தவருக்கு அச்சுப் பிரதி இருப்பதே தெரியாது.

இருபது வருடங்களாகத் தரவுத்தளங்களோடு பிழைப்பவன் நான். எங்கே தவறு என்று தேடிப் போனதில் ஐஎஸ்பிஎன்னின் பிறப்புவரை போக நேர்ந்தது.

1965இல் பிரித்தானியாவின் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் தன் புத்தகக் கிடங்கைக் கணினிமயமாக்கத் தீர்மானித்தது. கணினிக்குத் தலைப்புப் போதாது, எண் வேண்டும். பேராசிரியர் கார்டன் ஃபாஸ்டர் 1966இல் ஒன்பது இலக்கத் திட்டம் ஒன்றை வகுத்துக் கொடுத்தார். போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் பணிபுரிந்தவர் அவர். 1970இல் அது பத்து இலக்கச் சர்வதேசத் தரமானது. கடைசி இலக்கம் காவற்காரன் மாதிரி. இலக்கங்களை வரிசையாக 10, 9, 8 என்று 1 வரை பெருக்கிக் கூட்டினால், மொத்தம் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் இலக்கம் பிழைத்தாலும் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் அகப்பட்டுவிடும். 2007 ஜனவரியில் எண் 13 இலக்கமாக நீண்டது.

கிடங்கின் கணக்கில் கெட்டி அட்டைப் பதிப்பும் மெல்லிய அட்டைப் பதிப்பும் வேறு வேறு சரக்கு, வேறு வேறு விலை. ஆகவே எண்ணும் வேறு. அதே விதி மின்னூலுக்கும் வந்தது: தனியாகக் கிடைக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண். வாங்குபவருக்குத் தன் கருவியில் திறக்கும் கோப்புத்தான் வர வேண்டும் என்பதால் அது நியாயமான விதியும்கூட. அமேசானோ கிண்டில் நூலுக்கு ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை என்று சொல்லித் தன் சொந்த எண்ணைக் கொடுக்கிறது.

எழுதப்பட்ட படைப்புக்கே எண் கொடுக்கும் தரம் ஒன்று 2009இல் வந்தது. ஐஎஸ்டிசி என்று பெயர். அது நிலைக்கவில்லை, பின்னர் கைவிடப்பட்டது. விற்பவருக்கு அதனால் உடனடி ஆதாயம் இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். சஞ்சிகைகள் அதிர்ஷ்டசாலிகள். அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என ஐஎஸ்எஸ்என் இரண்டு பெற்றாலும், அவற்றைச் சேர்த்துக் கட்டும் இணைப்பு எண் 2007இலேயே வந்துவிட்டது.

நம்மவர்கள் இதை வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தான் ஏற்றிய ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண் கொடுத்தது. டிஸ்கி குறியாக்கத்தில் வந்த நூல் பிறகு யூனிகோடிலும் பிடிஎஃபிலும் வந்தபோதும் அதே எண்தான். அங்கே விற்பனை இல்லை. தன்னார்வலர்கள் எண்ணியது நூலை.

போன வாரம் கோப்புகளை மறுபடி திறந்தேன். மூன்று வடிவங்களின் பதிப்புரிமைப் பக்கத்திலும் மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, எது எந்த வடிவம் என்ற குறிப்போடு சேர்த்தேன். பதிவுகளை இணைக்கும்படி நூலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். பட்டியல் மாறுமோ தெரியாது. எந்த வடிவம் ஒருவர் கையில் அகப்பட்டாலும், மற்ற இரண்டும் இருக்கின்றன என்று இனி அந்தப் பக்கமே சொல்லிவிடும்.