லண்டன் தீயணைப்புப் படை: சரக்கிலிருந்து உயிருக்கு

ஒரு பெருநகரில் தீப்பிடித்தால் சில நிமிடங்களில் சிவப்பு வண்டி வந்து நிற்கும். வீட்டுக்காரர் ஏழையா பணக்காரரா, வீட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. முதலில் உயிர், பிறகுதான் பொருள். இன்று இது சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் காலத்தில் உலகின் மிகப்பெரிய நகரமாக இருந்த லண்டனில் 1866 வரை தீயணைப்பு என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகளின் வேலையாகத்தான் இருந்தது. அங்கிருந்து இன்றைய நிலைக்கு வர அந்த நகரம் கொடுத்த விலை பெரிது.

பெருந்தீயும் ஈயத் தகடும்

1666 செப்டம்பர் 2 அன்று புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ நான்கு நாட்கள் எரிந்தது. 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் சாம்பலாயின. அன்று மக்கள் கையில் இருந்தவை தோல் வாளிகள், கைப்பீச்சுகள், வீடுகளை இடித்துத் தள்ளுவதற்கான நீண்ட கொக்கிகள். 

இந்த அழிவைக் கண்ட பிறகுதான் தீ இன்சூரன்ஸ் தொழில் பிறந்தது. நிக்கோலஸ் பார்போன் என்பவர் 1680-களின் தொடக்கத்தில் இதைத் தொடங்கி வைத்தார். பணம் கட்டிய வீட்டின் முகப்பில் கம்பெனி தன் சின்னம் பொறித்த ஈயத் தகட்டைப் பதித்தது. நஷ்டஈடு கொடுப்பதைவிடத் தீயை அணைப்பது மலிவு அல்லவா? ஆகவே கம்பெனிகள் தேம்ஸ் நதிப் படகோட்டிகளைப் பகுதிநேர வேலைக்கு வைத்துச் சொந்தப் படைகளை நடத்தின.

தகடு இல்லாத வீட்டை எரிய விட்டுவிட்டு இந்தப் படைகள் திரும்பிவிடும் என்று ஒரு கதை பரவலாக உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. பக்கத்து வீட்டுக்குத் தீ பரவினால் நஷ்டம் கம்பெனிக்குத்தான் என்பதால் பெரும்பாலும் அவர்கள் சேர்ந்தே வேலை செய்தார்கள். ஆனாலும் அவர்களுடைய கணக்கு கட்டடத்தையும் சரக்கையும் பற்றியதே. உள்ளே இருக்கும் மனிதர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

பிரெய்டுவுட்டின் 80 பேர்

1833-இல் கம்பெனிகள் தங்கள் படைகளை ஒன்றாக்கின. எடின்பரோவில் தீயணைப்புப் படையை நடத்திப் பெயர் பெற்ற ஜேம்ஸ் பிரெய்டுவுட் தலைவரானார். 80 ஆட்கள், 13 நிலையங்கள். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகருக்கு இவ்வளவுதான்!

பிரெய்டுவுட் இதை ஒரு தொழிலாக்கினார். தெருவில் நின்று சன்னல் வழியாகத் தண்ணீர் பீச்சுவதில் பயனில்லை, உள்ளே நுழைந்து தீயின் வேரைத் தேடி அடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. புகைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது, ஒருவர் மயங்கினால் இழுத்து வர இன்னொருவர் வேண்டும் என்றும் விதித்தார்.

உயிரைக் காக்கும் வேலையோ வேறொருவரிடம் இருந்தது. 1836-இல் தொடங்கிய ஒரு தரும சங்கம் நன்கொடை திரட்டி, சக்கரம் பூட்டிய நீண்ட ஏணிகளை இரவில் தெருக்களில் நிறுத்தி வைத்தது. அதாவது சரக்குக்குக் கம்பெனி, உயிருக்குத் தருமம். 1834-இல் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து போனபோதும் அரசு இந்தப் பொறுப்பை ஏற்க முன்வரவில்லை.

டூலி தெரு, 1861

1861 ஜூன் 22, சனிக்கிழமை. தேம்ஸ் தென்கரையில் டூலி தெருவை ஒட்டிய காட்டன்ஸ் வார்ஃப் கிடங்கில் தீப்பிடித்தது. சணல், பஞ்சு, கொழுப்பு, சர்க்கரை என்று உள்ளே இருந்ததெல்லாம் எரியக்கூடிய சரக்கு. தீ பரவாமல் தடுக்க வைத்திருந்த இரும்புக் கதவுகள் திறந்து கிடந்தன. அன்று மாலை தன் ஆட்களுக்கு ஊக்கம் சொல்லிக் கொண்டிருந்த பிரெய்டுவுட் மீது சுவர் சரிந்து விழுந்தது. அந்த இடத்திலேயே அவர் உயிர் போனது. தீ முழுவதும் அடங்க இரண்டு வாரம் ஆயிற்று. நஷ்டம் சுமார் 20 லட்சம் பவுண்டு.

கம்பெனிகள் பிரீமியத்தை உயர்த்தின. இனி இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்று அரசிடம் கைவிரித்தன. முடிவில் 1865-இல் பெருநகரத் தீயணைப்புப் படைச் சட்டம் வந்தது. தீயை அணைப்பதோடு உயிரையும் உடைமையையும் காப்பதும் படையின் வேலை என்று சட்டமே சொன்னது. செலவு மூன்றாகப் பிரிந்தது. அரசு ஆண்டுக்கு 10,000 பவுண்டு, இன்சூரன்ஸ் செய்த ஒவ்வொரு 10 லட்சம் பவுண்டுக்கும் கம்பெனிகள் 35 பவுண்டு, மீதி மக்களின் வரிப்பணம், அதாவது பவுண்டுக்கு அரைப் பென்னி. 1866 ஜனவரி 1 அன்று புதிய படை வேலையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு தரும சங்கத்தின் ஏணிகளும் அதன் கைக்கு வந்தன.

மாலுமிகளும் குதிரைகளும்

புதிய தலைவர் கேப்டன் ஐர் மாசி ஷா மாலுமிகளையே விரும்பி வேலைக்கு எடுத்தார். உயரம், கயிறு, கட்டளை, இரவுக் கண்விழிப்பு எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். நீராவிப் பம்புகளைக் குதிரைகள் இழுத்தன. நிலையங்களைத் தந்தி இணைத்தது. 1880 முதல் தெருமுனைகளில் அபாய அறிவிப்புக் கம்பங்கள் வந்தன. ஆட்கள் குடும்பத்தோடு நிலையத்திலேயே குடியிருந்தார்கள், ஏறக்குறைய எப்போதும் வேலையில்தான். 1904-இல் படை இன்றைய பெயரைப் பெற்றது. 1921-இல் கடைசிக் குதிரையும் ஓய்வு பெற்றது.

வேலை நேரத்துக்கான போராட்டம் நீண்டது. 1977 நவம்பரில் நாடு முழுவதும் தீயணைப்பு வீரர்கள் ஒன்பது வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராணுவத்தினர் பழைய பச்சை வண்டிகளை ஓட்டினார்கள். இதன் பிறகே வாரத்துக்கு 48 மணி நேரம் 42 ஆனது. அதனால் நான்காவது அணி ஒன்றும் தேவைப்பட்டது. இரண்டு பகல், இரண்டு இரவு வேலை, பின் நான்கு நாள் ஓய்வு என்ற சுழற்சி அதிலிருந்து வந்ததே. படையில் முதல் பெண் வீரர் சேர்ந்தது 1982-இல்தான்.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு விபத்து

1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தொலைபேசியை எடுத்தும் இணைப்பகத்தில் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1937 ஜூன் 30 முதல் 999 என்ற அவசர எண் நடைமுறைக்கு வந்தது. உலகில் இத்தகைய முதல் சேவை அதுவே.

1940-41 குண்டுவீச்சின்போது வெளியூர்ப் படைகள் உதவிக்கு வந்தன. ஆனால் ஒரு ஊரின் குழாய் இன்னொரு ஊரின் பம்பில் பொருந்தவில்லை! 1941 ஆகஸ்டில் எல்லாப் படைகளையும் சேர்த்துத் தேசியத் தீயணைப்புப் பணி அமைத்தார்கள். போர் முடிந்து 1948-இல் அது மீண்டும் உள்ளாட்சிகளிடம் சென்றது. லண்டனில் மட்டும் போரில் 300-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிர் துறந்தார்கள்.

1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் மர எஸ்கலேட்டருக்கு அடியில் விழுந்த ஒரு தீக்குச்சி 31 பேரைப் பலி கொண்டது. முதலில் வந்த அதிகாரிகளில் ஒருவரான காலின் டவுன்ஸ்லியும் அவர்களில் ஒருவர். வீரர்களின் பிளாஸ்டிக் காலுறைகள் வெப்பத்தில் உருகின. பூமிக்கடியில் ரேடியோ சரியாகக் கேட்கவில்லை. அதன் பிறகே உடையும் கருவிகளும் மாறின.

ஐந்து நிமிடம் போதாதபோது

இன்று லண்டனில் ஒரு நதி நிலையத்தையும் சேர்த்து 103 நிலையங்கள். முதல் வண்டி சராசரியாக 6 நிமிடத்திலும் இரண்டாவது 8 நிமிடத்திலும் சேர வேண்டும் என்பது இலக்கு. 2014 ஜனவரியில் செலவைக் குறைக்க 10 நிலையங்களை மூடினார்கள்.

2017 ஜூன் 14 அன்று 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்திலிருந்து முதல் அழைப்பு வந்தது நள்ளிரவு 12.54-க்கு. ஐந்து நிமிடத்தில் வண்டிகள் வந்துவிட்டன. ஆனாலும் 72 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் வெளிப்பூச்சாக ஒட்டியிருந்த தகடுகளே எரிந்தன. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற வழக்கமான அறிவுரையை 2.47 வரை மாற்றவில்லை. லண்டன் படையிடம் போதிய உயர ஏணி இல்லாததால் சர்ரேயிலிருந்து வரவழைத்தார்கள். விசாரணை அறிக்கை படையின் தயார்நிலையைக் கடுமையாகக் குறை சொன்னது. அந்தத் தீக்குப் பின்னர் 64 மீட்டர் ஏணிகளும், சிக்கியவர்களை மீட்கப் புகை முகமூடிகளும் வாங்கப்பட்டன.

இந்த வரலாறு முழுவதும் ஒன்று மட்டும் மாறவில்லை. குறை எதுவென்று முன்பே தெரிந்தவர்கள் எப்போதும் இருந்தார்கள். அதைச் சரிசெய்யும் பணம் வந்ததோ பிணங்கள் வந்த பிறகு. எத்தனை ஆட்கள், எத்தனை வண்டிகள், எவ்வளவு நீள ஏணி என்பது பட்ஜெட் கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அது அந்த நகரம் யாருடைய உயிரைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி.