கசேனா-நங்கானா மேற்கு மாவட்டம்

கானா நாட்டின் மேல் கிழக்கு மண்டலத்தில், புர்க்கினா பாசோ எல்லையை ஒட்டிய ஊரக மாவட்டம். தலைமையிடம் பாகா. பழைய கசேனா-நங்கானா மாவட்டத்திலிருந்து 2008இல் பிரிக்கப்பட்டது. நவ்ரோங்கோ நகரம் மற்றப் பாதியோடு போய்விட்டது. 2010 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 70,667. சியானா, கயோரோ, மிரிகு, சிரிகு, கந்திகா ஆகியவை குறிப்பிடத்தக்க பிற ஊர்கள். மழைக்காலம் ஒன்றே: மே தொடங்கி அக்டோபர் வரை. நவம்பரில் சகாராவிலிருந்து ஹார்மட்டான் என்னும் தூசிக்காற்று இறங்கிவிட்டால், அடுத்த மழைவரை பெரும்பாலான வயல்களில் வேலை கிடையாது. ஈமச் சடங்கு, சுவரோவியம், கூலிதேடித் தெற்கே போவது என இம்மாவட்டத்தின் வாழ்க்கையில் பாதி அந்த ஆறு மாத இடைவெளிக்குள் நடப்பது.

மக்கள்

மேற்கே பாகா, சியானா, கயோரோ ஊர்களில் கசேம் மொழி பேசும் கசேனாக்கள். கிழக்கே சிரிகு, மிரிகு, கந்திகா ஊர்களில் நங்கானி பேசும் நங்கானாக்கள். இரு மொழிகளும் கூர் என்னும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், ஒன்றைப் பேசுபவருக்கு மற்றொன்று தானாக விளங்காது. சந்தையும் திருமண உறவும் பலரை இருமொழிக்காரர்களாக்கியுள்ளன. கானா அரசு பள்ளிக்கல்விக்கு ஏற்ற உள்நாட்டு மொழிகளுள் கசேமும் ஒன்று.

ஊர்த் தலைவரைக் கசேனாக்கள் ‘பியோ’ என்பர். பாகா பியோவின் பெயர் மாவட்டத்துக்கு வெளியிலும் அறியப்பட்டது. ஆனால் நிலத்தின் மீது சடங்குரிமை தலைவருக்கு இல்லை. அது முதலில் குடியேறிய குலத்தின் நிலப்பூசாரிக்கு உரியது. நங்கானாக்கள் அவரைத் ‘திண்டானா’ என்பர். எங்கே விதைக்கலாம், எங்கே புதிய வீடு எழுப்பலாம், எந்தத் தோப்பைத் தொடக்கூடாது என்பதில் அவர் சொல் இன்றும் செல்லும். கிறித்தவமும் இஸ்லாமும் பரவிய பிறகும் முன்னோர் வழிபாடு மறையவில்லை. பலிக்குக் கினிக்கோழியும் போகும். மாமனார் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மரியாதையும், அவசரச் செலவுக்கு விற்கும் சேமிப்பும் அதே கோழி.

19ஆம் நூற்றாண்டில் இப்பகுதி அடிமை வேட்டைக்குப் பலியானது. பாபாட்டுவின் தலைமையில் வந்த ஸபர்மா குதிரைவீரர்களின் நினைவு இன்னும் கதைகளில் உயிரோடிருக்கிறது. பாகாவை அடுத்த நானியாவில் பிக்வோரோ என்னும் பாறைத்திடல் இருக்கிறது. பிடிபட்டவர்களைத் தெற்கே சலகா சந்தைக்கு நடத்திச் செல்லுமுன் அடைத்துவைத்த இடம் அது என்கிறார்கள். பாறையில் குடைந்த குழிகளே அவர்கள் உண்ட தட்டுகள். அச்சத்தின் பாறை என்பதே பிக்வோரோவுக்குத் தரப்படும் பொருள்.

வேட்டை ஓய்ந்த கையோடு எல்லை வந்தது. 1898இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்பாடு கசேனாக்களை இரண்டாகக் கிழித்தது. 2024இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த தியெபெலே அரச வளாகம் எல்லைக்கு அப்பால் வாழும் இதே மக்களுடையது.

பாகாவின் முதலைக் குளங்கள் சுற்றுலாவால் பெயர் பெற்றவை. வேட்டைக்குப் போன முன்னோர் ஒருவரின் உயிரை முதலை காத்ததாகவும், அதனால் அவர் சந்ததி முதலையைத் துன்புறுத்தக்கூடாதென்று ஆணையிட்டதாகவும் கதை. வெளியூர்க்காரர்கள் அதன் முதுகருகே குந்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முதலைக்குப் போடும் கோழிக்குக் காசு அவர்களுடையதுதான்.

வீடும் சுவரும்

மண்வீடுகள் பல கூடி, சுற்றுச்சுவரால் இணைந்த வளாகமே ஒரு குடும்பத்தின் இருப்பிடம். பழைய வீடுகளின் வாசல் முழங்கால் உயரமே இருக்கும். உள்ளே தவழ்ந்துதான் போகவேண்டும். கடந்ததும் ஒரு குட்டைச் சுவர் குறுக்கே நிற்கும். தலையை முதலில் நீட்டுகிற எதிரியை உள்ளிருப்பவர் எளிதாகச் சமாளிக்க வேண்டும் என்ற கணக்கு அது. தட்டையான கூரையில் தானியம் காயும். கோடையில் ஆட்களும் அங்கேதான் தூங்குவார்கள்.

கட்டுவது ஆண்கள், பூசி வரைவது பெண்கள். நங்கானியில் இவ்வோவியத்துக்குப் ‘பம்பொல்சே’ என்று பெயர். அறுவடை முடிந்த பின், மூத்த பெண்ணொருவரின் மேற்பார்வையில், களிமண்ணும் சாணமும் குழைத்துச் சுவரை மெழுகி, அதில் செம்மண், கரும்பொடி, வெண்கல் ஆகிய மூன்றே நிறங்களால் மலைப்பாம்பு, மாடு, முதலை, உடைந்த சுரைக்குடுவைச் சில்லு முதலியவற்றைத் தீட்டுகிறார்கள். பிறகு கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, தவதாவா மரத்துக் காய்த்தோலைக் காய்ச்சிய நீரைத் தெளிப்பார்கள்; மழைக்கு அதுவே காப்பு. சிமென்டுச் சுவரும் தகரக் கூரையும் வந்த வீடுகளில் இதற்கு இடமில்லை. 1997இல் மெலனி கசீசே தொடங்கிய சிரிகு பெண்கள் அமைப்பு ஓவியத்தையும் மட்பாண்டத்தையும் விற்பனைப் பொருளாக்கியது. கைத்திறன் பிழைத்தது, ஆனால் வீட்டுச் சுவரில் தொடங்கியது இப்போது சட்டமிட்ட துணியில் விலைபோகிறது. 1906இல் வெள்ளைப் பாதிரிமார் சபையினர் மிஷன் தொடங்கிய நவ்ரோங்கோவில், மண்ணாலான தேவாலயத்தின் உட்சுவர்களை அதற்கு முன்பே, 1970களில், இப்பகுதிப் பெண்களே புடைப்போவியங்களால் அழகுபடுத்தினர்.

பொருளாதாரம்

வீட்டை ஒட்டிய நிலத்தில் சாணமிட்டு முன்கம்பு விதைக்கிறார்கள். சேமிப்பு தீர்ந்துபோகும் ஜூன், ஜூலைப் பசிக்காலத்தை முடித்துவைப்பது இதன் அறுவடையே. சோளம், பின்கம்பு, நிலக்கடலை, நெல் பிறகு. கம்பு மாவைக் கிண்டிய களியும் புளிச்சைக்கீரைக் குழம்பும் அன்றாட உணவு. சோளத்தை முளைகட்டிப் பெண்கள் காய்ச்சும் பீட்டோ மது, சடங்குப் பொருளும் வீட்டு வருமானமும் ஆகும். ஷியா மரத்தை யாரும் நடுவதில்லை. வயலில் தானே வளர்வதை வெட்டாமல் விடுகிறார்கள். உதிரும் கொட்டையைப் பொறுக்கி, வறுத்து, அரைத்து, நீர்விட்டுக் கடைந்து வெண்ணெய் எடுப்பது பெண்களின் பாடு.

மழை நின்றதும் இளைஞர்கள் குமாசிக்கும் அக்ராவுக்கும் கிளம்புகிறார்கள். சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்களுக்கு அந்நகரங்களில் ‘கயாயே’ என்று பெயர். குடியேற்ற ஆட்சி வடக்கைச் சுரங்கத்துக்கும் கோகோ தோட்டத்துக்கும் கூலியாள் தரும் நிலமாக நடத்தியது. அந்தப் பாதை அடைபடவில்லை.

நவ்ரோங்கோவை அடுத்த டோனோ அணை, 1975க்கும் 1985க்கும் இடையே கட்டப்பட்டு, ஏறத்தாழ 2,500 ஹெக்டேருக்குப் பாசனம் தர வந்தது. கோடைத் தக்காளி அதில் செழித்தது. ஆனால் மொத்த வியாபாரிகள் எல்லைக்கு அப்பால் விளையும் தக்காளியையே விரும்புகிறார்கள். கோடையில் தெற்கிலிருந்து வரும் லாரிகள் டோனோ விவசாயிகளின் கூடைகளைக் கடந்து பாகா சோதனைச்சாவடிக்குப் போகின்றன. புர்க்கினாவில் சரக்கேற்றிக்கொண்டு, அதே சாலையில் தெற்கே திரும்புகின்றன.