பாட்டின் கூலி

ஒருவர் பாடிய பாட்டை உலகமே கேட்கலாம். அதற்குரிய கூலியைக் கொடுப்பவர் யார்? கணினிக் காலம் பிறந்தபோது அமெரிக்க நாடு இவ்வினாவை எதிர்கொண்டது.

1999ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஷான் ஃபானிங் என்னும் 18 வயது இளைஞர் நாப்ஸ்டர் என்னும் நிரலை வெளியிட்டார். அதன்வழி ஒருவர் கணினியிலுள்ள பாடலை மற்றொருவர் விலையின்றிப் படியெடுத்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரிலேயே இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2000 ஏப்ரலில் மெட்டாலிக்கா இசைக்குழுவும் நீதிமன்றம் ஏறிற்று. 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனங்களின் பக்கம் நின்றது. ஜூலையில் நாப்ஸ்டர் தன் பணியை நிறுத்தியது.

நாப்ஸ்டர் நின்றது, மக்களின் பழக்கம் நிற்கவில்லை. வேறு நிரல்கள் தோன்றின. 2003 செப்டம்பரில் நிறுவனங்கள் தனிமனிதர் 261 பேர்மீது வழக்கிட்டன. அவர்களுள் நியூயார்க் நகரத்து 12 வயதுச் சிறுமியும் ஒருத்தி. அவள் தாயார் 2,000 டாலர் செலுத்தி வழக்கை முடித்தார். உரிமை காக்க எழுந்த சட்டம் பள்ளிப் பிள்ளையின் வாசலில் போய் நின்றது கண்டு பலர் மனம் வருந்தினர்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் பாடல் ஒன்றை 99 சென்டுக்கு விற்கத் தொடங்கியிருந்தது. முதல் வாரத்திலேயே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் விற்றன. நேர்வழி எளிதாயின் விலை கொடுக்க மக்கள் தயங்கார் என்பது விளங்கிற்று. கலைஞனின் கூலியை மறுத்தல் அறமன்று. அவ்வறத்தை அச்சத்தால் மட்டும் வளர்த்தலும் அரிது.