பழைய மனையும் புதிய அடுக்களையும்

ஒரு குடும்பத்தின் செல்வத்தை அறிய விரும்புவோர் அதன் கூடத்தைக் காண்பர். அதன் நலத்தை அறிய விரும்புவோர் அடுக்களையைக் காண்பர். நம் சங்கக் குடும்பங்கள் பல, இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பாட்டன்மார் கட்டிய வீடுகளை இன்றும் உடையன. அவற்றை இடிப்பதா, திருத்துவதா என்னும் வழக்கு இக்காலத்து வீடுதோறும் எழுகின்றது. அவ்வழக்கின் வேர் பெரும்பாலும் அடுக்களையிலேயே இருக்கக் காண்கிறோம். "இந்த அடுப்பங்கரையில் இனி என்னால் ஆகாது" என்கிறாள் மருமகள். "இது என் தகப்பனார் கட்டிய வீடாயிற்றே" என்கிறார் மாமனார். இருவர் கூற்றும் நியாயமே. ஆதலின் இரண்டையும் காக்கும் வழி உண்டா என்பதைச் சரித்திர வாயிலாக ஆராய்வாம்.

பண்டைத் தமிழர் சமைக்கும் இடத்தை அட்டில் என்றனர். அடுதல் என்னும் வினையிற் பிறந்த சொல் அது. அடுப்பு என்பதும் அவ்வடியினதே. கோயிலிலும் அரண்மனையிலும் அதனை மடைப்பள்ளி என்பர். போர்த்துகீசியர் வந்தபின் அவர்தம் மொழியினின்று குசினி என்னும் சொல் புகுந்து, புதுச்சேரியிலும் ஈழத்திலும் நிலைத்தது. பெயர்கள் இவ்வாறு பலவாயினும் புகை ஒன்றாகவே இருந்தது.

நம் முன்னோர் வீடு கட்டுங்கால் கூடமும் முற்றமும் முன்னாகவும், அடுக்களையும் கிணற்றடியும் பின்னாகவும் அமைத்தனர். செட்டிநாட்டுப் பெரு மனைகளில் கட்டுக்குப் பின் கட்டாகச் சென்று கடைசியிலேயே அடுக்களையை அடைவோம். ஆட்டுக்கல், அம்மி, உரல் யாவும் அங்கே தரையோடு தரையாக இருந்தன; வேலையும் குந்தியே நடந்தது. தென்கிழக்கை அக்கினி மூலை என்று கொண்டு அடுப்பை அங்கு வைப்பது வழக்கம். ஆயின் நம் கடற்கரை ஊர்களிலோ பிற்பகலிற் கடற்காற்று கிழக்கினின்றும் தென்கிழக்கினின்றும் வீசுவது. அக்காற்று அடுப்பின் புகையை வெளியே தள்ளாமல் வீட்டினுள்ளேயே கொணர்ந்து நிரப்பும். விதி எல்லா ஊர்க்கும் பொது. காற்றோ ஊருக்கு ஊர் வேறு. இதனை மறந்ததன் பயனை நம் பாட்டிமாரின் கண்கள் அனுபவித்தன.

நிற்க. கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் என் செய்தனர் என்று பார்ப்போம். கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட எண்ணூர் மணற்பட்டையில் அவர்கள் பங்களாக்கள் கட்டி, ஓய்வு நாட்களைக் கழிக்கச் சென்று வந்தனர். அவ்வகைப் பங்களாக்களிலும் சென்னைத் தோட்ட வீடுகளிலும் அடுக்களை வீட்டோடு சேர்ந்ததன்று. வெயில் வெப்பமும் புகையும் தீயச்சமும் கருதித் தோட்டத்தின் ஒரு மூலையில் தனியே நின்றது. எசமானர் கண்ணுக்கு எட்டாத அவ்விடம் எந்நிலையில் இருந்ததென்று அவர்களுள் ஒருவரே எழுதி வைத்தார். சென்னைக் குதிரைப் படையில் அதிகாரியாயிருந்த கென்னி ஹெர்பர்ட் என்பவர், வைவர்ன் என்னும் புனைபெயரில், 1878-ல் சென்னையில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். உணவு வகைகளை மட்டும் கூறி முடியாமல், இந்தியாவில் உள்ள தம்மவர் அடுக்களைகளைப் பற்றியும் அதில் ஓர் அத்தியாயம் எழுதினார். அவற்றின் அழுக்கையும் புகையையும் கண்டித்து, குற்றத்தைச் சமையற்காரர் தலையில் மட்டும் சுமத்தாமல், அவ்விடத்தை எட்டியும் பாராத வீட்டுக்காரரையும் வினவினார். வரவேற்பறைக்குச் செலவிடுவோர் அடுக்களைக்கு ஏன் செலவிடவில்லை என்பதே அவ்வினாவின் சாரம். அவ்வினா நமக்கும் உரியதன்றோ?

மேனாட்டாருக்கும் இந்த அறிவு ஒரு நாளில் வந்ததன்று. 1926-ல் ஜெர்மனி தேசத்துப் பிராங்பர்ட் நகரில் புதுக் குடியிருப்புகள் எழுந்தபோது, மார்கரெட் ஷுட்டே லிஹோட்ஸ்கி என்னும் கட்டிடக்கலை வல்ல மாது, ஏறக்குறைய 6 அடி அகலமும் 11 அடி நீளமும் உள்ள ஓர் அடுக்களையை வகுத்தார். சமைப்பவள் எத்தனை அடி நடக்கிறாள், எதை எடுக்கக் கை நீட்டுகிறாள் என்று கணக்கிட்டு, எல்லாம் கைக்கெட்டும்படி அமைத்தார். இரயில் வண்டிகளில் உணவு ஆக்கும் சிற்றறையே அவருக்கு ஒரு முன்மாதிரியாயிற்று. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ல் புறப்பட்ட இராயபுரத்தில் வாழும் நாம், வண்டிக்குள் இருந்து இப்படியும் ஒரு பாடம் கற்கலாம் என்பதை எண்ணி வியக்கலாம்.

நம் நாட்டில் முதற்கவலை இடமன்று, புகையே. 1953-ல் ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியலறிஞர் எஸ். பி. ராஜு என்பவர், கூண்டு வழியே புகையை வெளியேற்றும் மண்ணடுப்பை விளக்கி எழுதிய நூல் சென்னையிலேயே அச்சாயிற்று. 1955-ல் கோயம்புத்தூர் சபாபதி என்பவர் மின்சாரத்தால் ஓடும் மாவரைக்கும் கல்லை ஆக்கினார். குந்தியிருந்து ஆட்டிய கைகள் அதனால் ஓய்வு பெற்றன. ஆயினும் உலகெங்கும் வீட்டினுட் புகையால் 2020-ஆம் ஆண்டில் 32 லட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுக்களைத் திருத்தம் வெறும் ஆடம்பரம் என்பார் இக்கணக்கைச் சிறிது நோக்குவாராக.

இவ்விடத்தில் நம் வடசென்னை செய்த தொண்டையும் குறித்தல் தகும். 1806-ல் காக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டுவித்த கால்வாய், 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்ச காலத்தில் விரிவுற்று, பக்கிங்காம் கால்வாய் என்னும் பெயர் பெற்றது. அதன் வழியே படகுகளில் வந்த விறகே சென்னை அடுப்புகளில் நெடுங்காலம் எரிந்தது. பின்னர் மணலியில் 1969-ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. எண்ணூரில் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை மின்சாரம் தந்தது. பட்டணத்து அடுக்களைகளிலிருந்து புகை நீங்கியது. நம் வானத்தில் அப்புகை ஏறியது. பிறர் வீட்டுப் புகையைத் தன் தலையில் தாங்கிய ஊரில், நம் வீட்டு மாதர் மட்டும் இருண்ட மூலையில் நிற்பது முறையாகுமா?

இனி, செய்யத்தக்கவற்றைச் சுருக்கிக் கூறுவோம். நம் பழைய வீடுகளின் மேல்தளம் தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. நாம் கண்ட ஒரு வீட்டில், புகைபோக்கிக்கு வழி செய்வதாகக் கூறி வேலையாட்கள் சட்டமொன்றை அறுத்துவிட்டனர். அடுத்த மழையில் தளம் தொய்ந்தது. துளையிட வேண்டுமாயின் சட்டத்திற்கும் சட்டத்திற்கும் இடையே, அல்லது பக்கச் சுவரில் இடுக. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசுவதும் தீது. சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துக் காரை உதிரும். கடலருகில் இது விரைந்து நிகழும். சுண்ணாம்பையே மீண்டும் பூசுதல் நலம். தண்ணீர்க் குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே ஓட்டினால், ஒழுகுவது உடனே தெரியும். உத்தரத்தின் முனையும் உளுத்துப் போகாது. எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையிலே தங்கும். ஆகையால் மேலே ஜன்னல் வைத்ததோடு அமையாமல், தரையையொட்டியும் காற்றுவழி வைக்க வேண்டும். கனத்த கல் மேடையைப் பழைய சுவரிற் செருகாமல், தரையிலிருந்து எழும் தனிக் கால்களின்மேல் நிறுத்துக. பின்னொரு நாள் அதனை எடுத்தாலும் வீடு வீடாகவே இருக்கும்.

மேடையின் உயரம் எவ்வளவு? இதனைக் கொத்தனார் முடிவு செய்தல் கூடாது. வீட்டுத் தலைவரும் முடிவு செய்தல் கூடாது. அங்கு நின்று சமைப்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே அது அமைய வேண்டும். சட்டையை உடுப்பவர் மேல் அளந்தன்றோ தைக்கிறோம்? ஆட்டுக்கல்லையும் அம்மியையும் எறிந்துவிட வேண்டுவதில்லை. அவை முற்றத்தில் இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் அவற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்திராவில் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து மீளக் கட்டியிருக்கின்றனர். அவற்றைக் காண மக்கள் கட்டணம் கொடுத்துச் செல்கின்றனர். நம்மிடம் உள்ளதையோ நாம் கடப்பாரையிட்டு இடிக்கிறோம்!

அன்பர்காள்! மாமனார் காக்க விரும்புவது முன்கட்டு. மருமகள் மாற்ற விரும்புவது பின்கட்டு. அறிந்து செய்தால் இவ்விரண்டிற்கும் பகையில்லை. அடுக்களை சீர்ப்பட்டால் மருமகள் அவ்வீட்டிலேயே இருப்பாள். அவள் இருந்தால் வீடும் இருக்கும். ஆதலின் வீடு திருத்தத் துணிவோர், வரைபடம் வரைவதற்கு முன் ஒரு நாள் காலை தொடங்கி இரவு வரை அடுக்களையில் அமர்ந்து, அங்கு நடப்பதைக் கண்ணாற் கண்டு, அங்குள்ளோர் சொல்வதைக் காதாற் கேட்பாராக. அதனினும் சிறந்த வரைபடம் வேறில்லை.