கழுதையும் கறுப்புச் சீட்டும்

சீட்டாட்டத்தைப் பற்றி நினைவு மலரில் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேராசிரியர்களுக்கும் பழைய வார்டன்களுக்கும் முதலிலேயே ஒரு வார்த்தை: காசு வைத்து ஆடுகிற ஆட்டம் எதுவும் இந்தக் கட்டுரையில் வராது. அது வேறு கதை. அதனால் அழிந்த குடும்பங்களின் கதை. நான் எழுத வந்தது சும்மா சிரிப்பதற்காக ஆடுகிற ஆட்டங்களைப் பற்றி.

இந்த ஆண்டுச் சந்திப்பில் இரண்டாம் நாள் இரவை 'விளையாட்டு இரவு' என்று விழாக் குழு அறிவித்திருப்பது எல்லோருக்கும் தெரியும். என்ன ஆட்டம் என்பதில்தான் சண்டை. வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள், அங்கே பிரபலமான ஓர் அமெரிக்கச் சீட்டுப் பெட்டியைக் கொண்டு வருகிறோம், வயிறு புண்ணாகிற மாதிரி சிரிக்கலாம் என்றார்கள். 'குடும்பத்தோடு வர்றோம்ப்பா, அந்தக் கண்றாவியெல்லாம் வேண்டாம்' என்றது ஒரு கட்சி. 'எதுக்குடா இதெல்லாம், நம்ம பழைய கழுதையே போதும்' என்றது மூன்றாவது கட்சி. கடைசியில், 'நீதான் வரலாறு படிச்சவனாச்சே, ஒரு கட்டுரை எழுது, படிச்சுட்டு முடிவு பண்ணலாம்' என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார்கள்.

சீட்டு பிறந்தது சீனாவில். அங்கிருந்து பாரசீகம், எகிப்து வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது 1370-களில். 1377-லேயே பிளாரன்ஸ் நகரத்தில் அதற்குத் தடை உத்தரவு போட்டாயிற்று என்றால் எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கும் பாருங்கள்! நம் நாட்டுக்கு அது 'கஞ்சிஃபா' என்ற பெயரில் வந்தது. பாபர் 1527-ல் சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகளை அனுப்பி வைத்ததாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிற்பாடு நம் ஆட்கள் அதையும் நம் வழிக்குக் கொண்டுவந்து, பத்து அவதாரத்துக்குப் பத்து இனம், இனத்துக்குப் 12 சீட்டு, மொத்தம் 120 வட்டச் சீட்டு என்று தசாவதாரக் கஞ்சிஃபா செய்தார்கள். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அதைவிடப் பெரிய கட்டுகளையெல்லாம் வகுத்தார். பார்க்க அழகு, ஆட முழு மூளை வேண்டும். சிரிப்புக்கும் அதற்கும் தூரம்.

நாம் விடுதியில் ஆடிய 52 சீட்டு ஐரோப்பியர் கப்பலில் வந்தது. அது எந்தக் கப்பல் என்பதை நம் வாய் இன்னும் மறக்கவில்லை. 'கிளாவர்' என்கிறோமே, ஆங்கிலேயன் அதைக் கிளப் என்பான். கிளாவர் என்பவன் டச்சுக்காரன். 'ஆட்டின்' என்பதும் அவனுடைய 'ஹார்ட்டன்' என்ற சொல்லுக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது. துருப்புச் சீட்டின் 'துருப்பு'க்கு அவன் மொழியில் 'ட்ரூஃப்'. பழவேற்காட்டில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தும், நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரையும் அவர்கள் கோட்டை கட்டி இருந்தார்கள் என்பது இளங்கலை முதலாண்டுப் பாடம். சாயங்காலங்களில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

சொல் மட்டுமில்லை, ஆட்டமும் அப்படித்தான். நம் முந்நூற்று நாலில் ராஜாவையும் ஆஸையும்விட ஜாக்கி பெரியவன், அவனுக்கு அடுத்து ஒன்பது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304. (கணிதத் துறை நண்பர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம்.) ராஜாவை அடிக்கிற ஜாக்கியும் ஒன்பதும் ஹாலந்தின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் சுவிட்சர்லாந்தின் யாஸ் ஆட்டத்திலும் துருப்பு இனத்தில் அப்படியே இருக்கின்றன. இன்றைக்கும் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் முந்நூற்று நாலு ஆடுகிறார்கள். இருபத்தெட்டு, ஐம்பத்தாறு எல்லாம் அதே குடும்பத்துப் பிள்ளைகள்.

ஆனால் முந்நூற்று நாலில் யாராவது வயிறு குலுங்கச் சிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? கூட்டாளி தப்பான சீட்டைப் போட்டால் முறைப்பதோடு சரி. சிரிப்புக்கென்றே உள்ள ஆட்டம் வேறு இனம். அதற்கு ஓர் அடையாளம் உண்டு. மற்ற ஆட்டங்களில் ஜெயித்தவன் யார் என்று கேட்பார்கள். இதில் தோற்றவன் யார் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

நம் கழுதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இறங்கிய இனத்தையே எல்லோரும் போட வேண்டும், இல்லாதவன் வெட்டுவான், அதுவரை பெரிய சீட்டுப் போட்டவன் மொத்தத்தையும் அள்ள வேண்டும். கையில் சீட்டு தீர்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவிட, கடைசியில் கட்டோடு உட்கார்ந்திருப்பவன் கழுதை. இது நம் ஊர் விஷமம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ரஷ்யாவில் வீட்டுக்கு வீடு ஆடும் ஆட்டத்தின் பெயர் 'துராக்'. அதற்கு அர்த்தம் முட்டாள். அங்கும் வெற்றியாளன் கிடையாது, கடைசியில் சீட்டு மிஞ்சியவன்தான் துராக். ஆங்கிலேயர்கள் ஜோடி சேராத சீட்டு மிஞ்சுகிறவருக்கு 'ஓல்டு மெய்டு' என்று பட்டம் கொடுத்தார்கள், கல்யாணமாகாத கிழவி என்று. பிரெஞ்சுக்காரன் அதே ஆட்டத்தில் தோற்றவனைப் பேன் பிடித்தவன் என்றான். ஜெர்மனியில் 'கறுப்புப் பீட்டர்' என்று பெயர். தோற்றவன் முகத்தில் கரி பூசுவது வழக்கம். கழுதை, முட்டாள், கிழவி, பேன்தலையன், கரிமூஞ்சி. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தாலும் சிரிப்புக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1981-ல் நான் முதலாமாண்டு சேர்ந்தபோது எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சீனியர் அறையில் கழுதை ஆட்டம் நடக்கும். 'டேய் ஜூனியர், ஒரு கை குறையுது, வா' என்று கூப்பிடுவார்கள். என் அறையில் இருந்தவன் கிராமத்திலிருந்து வந்த பையன், சீட்டையே தொட்டுப் பார்க்காதவன். யாரிடம் எந்த இனம் இல்லை என்பதை சீனியர்கள் கண் ஜாடையில் பேசிக்கொள்வார்கள். அவன் ராஜாவை இறக்கினால் அடுத்தவன் வெட்டுவான். தோற்றவன் வராந்தாவில் நாலு காலில் போய் ஒவ்வொரு அறை வாசலிலும் கத்த வேண்டும். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பத்தாவது நாளும் அவனேதான் கழுதை. பேரே அதுவாகிப் போயிற்று, மெஸ்ஸில் பரிமாறுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். மூன்றாம் மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே அறை எடுத்துப் போய்விட்டான். நன்றாகப் படித்து நல்ல நிலையில் இருக்கிறான். நம் சந்திப்பு எதற்கும் இதுவரை வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கடிதம் போகிறது.

இன்றைய மாணவர்களுக்கு: அந்தக் காலத்தில் இதற்கு ராகிங் தடைச் சட்டம் என்று எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஒரு மருத்துவ மாணவர் 1996-ல் கொல்லப்பட்ட பிறகுதான், 1997-ல் சட்டம் வந்தது.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். 1971-ல் ஓஹையோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துபவருக்கும் அவர் மகனுக்கும் 'கிரேஸி எயிட்ஸ்' ஆட்டத்தின் விதியைப் பற்றி வாக்குவாதம். அதிலிருந்து அவர் செய்ததுதான் ஊனோ. குடும்பமாக 8,000 டாலர் போட்டு 5,000 கட்டு அடித்து, முதலில் தன் கடையிலேயே வைத்து விற்றார். பிற்பாடு 50,000 டாலருக்கும் கட்டுக்குப் பத்து சென்ட் பங்குக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டார். 1992-ல் அது மாட்டல் கம்பெனி கைக்குப் போயிற்று. ஊனோவில் எனக்குப் பிடித்தது, ஒருவன் தலையில் நாலு சீட்டைக் கட்டிவிட்டுச் சிரித்தால் அடுத்த சுற்றிலேயே அது திரும்பி வரும். ராத்திரி முழுக்க ஒருவனே மாட்டிக்கொண்டு இருப்பதில்லை. பேரப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள்.

1999-ல் மேத்யூ கிர்பி என்பவர் செய்த 'ஆப்பிள்ஸ் டு ஆப்பிள்ஸ்' ஒரு பெரிய திருப்பம். அதில் ராஜா, ராணி, இனம் எதுவும் கிடையாது, வெறும் வார்த்தைகள். ஒருவர் நடுவர், அவர் 'அழகான' என்று ஒரு பச்சைச் சீட்டைத் திருப்பினால், மற்றவர்கள் கையிலிருக்கும் பெயர்ச் சொல் சீட்டில் பொருத்தமானதைப் போட வேண்டும். பொருத்தம் என்பது நடுவர் வைத்ததே சட்டம். நடுவர் பதவி சுற்றி வரும். பட்டிமன்ற நாட்டில் பிறந்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நண்பர்கள் கொண்டு வருகிறேன் என்கிற அந்தப் பெட்டி இதன் பிள்ளைதான். பெயர், 'கார்ட்ஸ் எகெயின்ஸ்ட் ஹியூமானிட்டி', மனித குலத்துக்கு எதிரான சீட்டுகள். இதன் பிறப்புதான் நமக்கு முக்கியம். இல்லினாய் மாநிலத்தில் ஹைலண்ட் பார்க் என்ற ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த எட்டுப் பேர், நம்மைப் போல முன்னாள் மாணவர்கள், புத்தாண்டு இரவு விருந்துக்காகத் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஆட்டம் இது! கறுப்புச் சீட்டில் கோடிட்ட இடத்தோடு ஒரு வாக்கியம். வெள்ளைச் சீட்டில் பதில்கள். வாயில் சொல்லக் கூசுகிற பதிலைப் போட்டவனுக்குத்தான் பெரும்பாலும் வெற்றி. 2010 டிசம்பரில் அச்சடிக்க 4,000 டாலர் வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள்; 15,000-க்கு மேல் வந்தது. 2011 மே மாதம் வெளியாயிற்று. 2014-ல் காளைச் சாணத்தைப் பெட்டியில் அடைத்து 6 டாலர் என்று விளம்பரம் செய்தார்கள். 30,000 பேர் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு, 5 டாலர் கொடுங்கள், ஒன்றுமே தர மாட்டோம் என்றார்கள். 71,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. கெட்டிக்காரர்கள்தான்.

இதில் கழுதை கிடையாது, அது நல்லது. மேஜையில் உட்கார்ந்திருக்கிற யாரும் தோற்றுக் கத்த வேண்டாம். அதற்குப் பதில் மேஜையில் இல்லாதவர்கள் கழுதை ஆகிறார்கள்: ஊனமுற்றவர், வேறு நிறத்தவர், வேறு மதத்தவர், நோயாளி. சிலவற்றை எழுதியவர்களே பிற்பாடு கட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2020-ல் அந்தக் கம்பெனிக்குள்ளேயே வேலை செய்தவர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிப் புகார் எழுந்து, நிறுவியவர்களில் ஒருவர் விலகினார். எட்டு நண்பர்கள், ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரிந்தவர்கள், மூடிய கதவுக்குள் சொல்லிக்கொண்டது வேறு. அதையே பெட்டியில் போட்டு முன்பின் தெரியாதவர்களுக்கு விற்பது வேறு என்பது என் கட்சி. நம் கூடத்தில் அறுபது வயதுக்காரரும், பத்தொன்பது வயது மாணவியும், யாரோ ஒருவரின் மாமியாரும் ஒரே மேஜையில் உட்காரப் போகிறார்கள். பெட்டியில் உள்ள பாதி ஜோக்கு அமெரிக்க டி.வி. பார்க்காதவர்களுக்குப் புரியாது, மீதிப் பாதி புரிந்தால் வம்பு.

(2015-ல் 'எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ்' என்று வெடிக்கும் பூனை ஆட்டம் ஒன்று வந்து 2,19,382 பேரிடமிருந்து 87 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. வெடிக்கிற சீட்டை எடுத்தவன் அவுட். குழந்தைகளுக்கு அமர்க்களமாக இருக்கும், இரண்டு கட்டு வாங்கி வைக்கலாம்.)

ஆகவே என் யோசனை. அந்த எட்டுப் பேரின் பெட்டி வேண்டாம், அவர்கள் செய்த காரியத்தை நாம் செய்வோம். விற்காமல் இருந்தால் அந்த ஆட்டத்தை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கறுப்புச் சீட்டில் இப்படி எழுதலாம்: 'விடுதி நாள் விருந்தில் சாம்பாருக்குள் கிடைத்தது ______.' 'வார்டன் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துத் தேடியது ______.' வெள்ளைச் சீட்டில்: 'செவ்வாய்க்கிழமை உப்புமா', 'இரண்டு வருஷமாகத் துவைக்காத போர்வை', 'மூன்று பேர் சேர்ந்து எழுதிய காதல் கடிதம்', 'அப்பாவுக்கு அடித்த "பணம் அனுப்பவும்" தந்தி', 'ஈரமான ரெக்கார்டு நோட்டு'. இன்றைய மாணவர்கள் தங்கள் பங்குக்கு எழுதட்டும். தந்தி என்றால் என்ன என்று அவர்கள் கேட்க, நாமும் அவர்களிடம் எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆபாசம் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும், நாம் ஒன்றும் சன்னியாசிகள் இல்லை. ஆள் பெயர், பட்டப் பெயர், சாதி, உடம்பு, இவை நான்கும் சீட்டில் வரக்கூடாது. சீட்டுகளைக் கட்டில் சேர்க்குமுன் ஒரு மாணவியும் ஒரு மூத்தவரும் படித்துப் பார்க்கட்டும்.

முந்நூற்று நாலு ரசிகர்களுக்குத் தனி மேஜை உண்டு, சத்தம் போடாமல் முறைத்துக்கொள்ளலாம். கழுதையும் ஆடலாம், தோற்றவர் கத்த வேண்டாம், அந்த மேஜைக்கு டீ வாங்கி வந்தால் போதும்.

என் பழைய அறைத் தோழனுக்கு இந்த முறை அச்சடித்த அழைப்போடு நாலு வெற்றுச் சீட்டும் அனுப்பியிருக்கிறேன், எழுதி அனுப்பச் சொல்லி. மற்றவர்களுக்கு வெற்றுச் சீட்டுகள் முதல் நாள் காலை பதிவு மேஜையில் கிடைக்கும். ஆளுக்கு ஐந்து. பேனா அவரவர் கொண்டு வர வேண்டும்.