ஆர்.கே. பிலிம்ஸ் தொடக்கச் சின்னம்

ஒரு கையில் வயலின் பிடித்த ஆண், அவனது மறு கையில் சாய்ந்து கிடக்கும் பெண்: ராஜ் கபூர் பம்பாயில் நிறுவிய ஆர்.கே. பிலிம்ஸின் படங்கள் இந்த உருவத்துடன்தான் தொடங்கும். இந்தித் திரையுலகின் இலச்சினைகளில் இதற்கு இணையானது இல்லை.

நிறுவனத்தின் முதல் படம் 'ஆக்' (1948) வெளிவந்தபோது இச்சின்னம் பிறக்கவில்லை. அது 'பர்சாத்' (1949) தந்தது. அப்படத்தில் ராஜ் கபூர் பிராண் என்னும் வயலின் கலைஞர். நர்கிஸ், ரேஷ்மா என்னும் காஷ்மீரப் பெண். வயலின் ஓசை கேட்டதும் இருப்புக் கொள்ளாமல் ஓடிவரும் ரேஷ்மா அவன் கையில் சாய்கிறாள். அவன் வயலினையும் விடவில்லை, அவளையும் விடவில்லை. ஜால் மிஸ்திரி ஒளிப்பதிவு செய்த படம் இது. இசையமைப்பாளர்களாகச் சங்கர்-ஜெய்கிஷன் அறிமுகமானதும் இதில்தான். சுவரொட்டிகளிலும் இடம்பெற்ற அந்த நிலையே பின்னர் சில கோடுகளாகச் சுருங்கிச் சின்னமாயிற்று. முக அடையாளம் மறைந்து, உடல்களின் வளைவு மட்டும் எஞ்சியது. அதன் அழகே அந்தச் சுருக்கத்தில் இருக்கிறது. 'பர்சாத்' ஈட்டிய வெற்றியால் செம்பூரில் ஆர்.கே. ஸ்டுடியோ எழுந்தது. நர்கிஸ் அந்நிறுவனத்துக்காகக் கடைசியாக நடித்தது 'ஜாக்தே ரஹோ' (1956) படத்தில், சிறு வேடம். அதன்பிறகும் சின்னத்திலுள்ள பெண்ணை யாரும் மாற்றவில்லை.

சின்னத்துக்கு முன்னே ஒரு பூசைக் காட்சியும் வரும். ராஜ் கபூரின் தந்தை பிருத்விராஜ் கபூர் சிவலிங்கத்தின் முன் அமர்ந்து வழிபடுவார். பஞ்சாபின் சமுந்திரியில் பிறந்து, 1944இல் பிருத்வி தியேட்டர்ஸ் நாடகக் குழுவை அமைத்தவர் அவர். 1972இல் அவர் மறைந்த பின்னும் அவ்வழிபாடு திரையில் தொடர்ந்தது. மகனின் படத்தைத் தந்தை தொடங்கிவைக்கும் இம்முறை, பெஷாவரிலிருந்து வந்த ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் மரியாதை வழக்கமாகவே பார்வையாளருக்குத் தோன்றும்.

நிறுவனத்தின் கடைசிப் படம், ரிஷி கபூர் இயக்கிய 'ஆ அப் லௌட் சலேன்' (1999). ஸ்டுடியோவில் 2017 செப்டம்பரில் தீப்பிடித்தது. பழைய படங்களின் உடைகள் பல எரிந்தன. 2019இல் அவ்விடத்தைக் கோத்ரெஜ் பிராப்பர்ட்டீஸ் வாங்கியது.